பத்தாயத்தில் எலி புகாமற் காத்தல்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பா, தாளடி நெல் தை, மாசி மாதங்களில் களத்துக்கு வருகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவதால், அறுவடைக்குப் பின் வயல்கள் நீரும் பயிருமின்றிக் காய்ந்து கிடக்கின்றன. வயலில் இரை குறைந்த அந்நாட்களிலேதான் வீட்டில் நெல் நிறைகிறது. ஆதலின் வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் இருந்த எலிகளிற் சில வைக்கோற்போருக்கும், அங்கிருந்து மாட்டுக் கொட்டிலுக்கும், கடைசியாகப் பத்தாயத்துக்கும் வந்து சேருகின்றன. நாற்றங்கால் முதல் அறுப்பு வரையில் பயிரைக் கண்ணுங் கருத்துமாகக் காத்த மிராசுதார், நெல்லைப் பத்தாயத்திற் கொட்டி மூடியவுடன் காவல் முடிந்ததாக எண்ணிவிடுவதுண்டு. அவ்வெண்ணமே எலிக்கு முதல் வாசலாகும்.

எலியைக் கொல்லும் உபாயங்கள் பல கிராமங்களில் வழங்குகின்றன. ஆயினும் கொல்லுவதைக் காட்டிலும் புகவிடாமற் செய்தல் செலவிற் குறைந்தது; பலனும் நிச்சயமானது. ஓர் எலியைக் கொன்றால் அதன் இடத்துக்கு அடுத்த வீட்டிலிருந்து வேறோர் எலி வந்துவிடும். ஒரு துவாரத்தைச் செவ்வையாக அடைத்துவிட்டாலோ அவ்வழியாக எந்த எலியும் வருவதற்கில்லை. இவ்வேலையை நெல் வீடு வந்து சேருமுன், பத்தாயங்கள் பெரும்பாலும் காலியாயிருக்கும் மார்கழி மாதத்திலேயே செய்து முடித்தல் உத்தமம்.

நஷ்டத்தின் அளவு

எலி நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இரை தின்னும். 250 கிராம் எடையுள்ள எலி 25 கிராம் தானியம் தின்னுவதாகக் கொண்டால், பத்து எலிகள் ஒரு வருஷத்தில் 91 கிலோ தின்றுவிடும். இது 60 கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டைக்கு மேலாகும். தின்றது போக, சாக்கைக் கடித்துச் சிந்துவதும், நெல்லின் மேல் சிறுநீரும் புழுக்கையும் விடுவதுமாகிய நஷ்டம் வேறு.

சுண்டெலியின் விஷயம் இதிலும் கவனிக்கத்தக்கது. அது நாளொன்றுக்குச் சுமார் 3 கிராமே தின்னுமாகையால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது ஒரே நாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட புழுக்கைகளை இடுகிறது. ஒரு மணியை முழுதும் தின்னாமல், கொறித்துப் போட்டுவிட்டு அடுத்த மணிக்குப் போவது அதன் வழக்கம். கொறிபட்ட மணியில் முளை போய்விடுமானால் அது உணவுக்கு உதவினும் விதைக்கு உதவாது.

விதைநெல்லுக்கு நேரும் அபாயம்

உணவு நெல்லில் ஒரு மூட்டை குறைந்தால் அதை விலைக்கு வாங்கி ஈடு செய்யலாம். விதைநெல்லின் நிலைமை அப்படியன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ஆம் ஆண்டில் ஏற்பட்டது முதல் அங்கிருந்து வெளிவந்த விருத்தி ரகங்களின் விதையை ஒரு வருஷம் இழந்தாலும் விவசாயப் பண்ணைகளிலிருந்தோ விதை விற்பனை நிலையங்களிலிருந்தோ மறுபடியும் பெறலாம். தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டு ரகங்களுக்கு அத்தகைய ஆதரவு மிகவும் குறைவு. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார், தூயமல்லி முதலிய ரகங்களிற் சில, ஒரு சிலரிடம் சொற்ப அளவில் மட்டுமே மிஞ்சியிருந்த காலமும் உண்டு.

திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள கட்டிமேடு என்னும் ஊரினராகிய ‘நெல்’ ஜெயராமன் இந்த நாட்டு ரகங்களைத் தேடிச் சேகரித்தார். 2006-ஆம் ஆண்டு முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடைபெறச் செய்து விவசாயிகளுக்கு அவற்றை வழங்கினார். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் தேதி அவர் காலஞ்சென்றார். அவர் ஏற்படுத்திய ஒழுங்கு யாதெனில், ஒரு விவசாயி 2 கிலோ விதை பெற்றுச் சென்றால் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதாகும். அவ்வொழுங்கினால் ஒருவரிடமிருந்து இருவருக்கும், இருவரிடமிருந்து நால்வருக்குமாக விதை பரவியது.

இந்த 2 கிலோ விதையை எலியின் கணக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும். இரவொன்றுக்கு 25 கிராம் தின்னும் ஒரே ஓர் எலிக்கு 2 கிலோ நெல் 80 நாளைய இரையே. தை மாதத்தில் அறுத்த நீண்டகாலச் சம்பாவை ஆவணியில் விதைக்கும் வரையில் ஏறக்குறைய 200 நாள் காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விதைப்புக் காலத்துக்கு நெடுநாள் முன்பே ஓர் எலி ஒரு விவசாயியின் விதையை அடியோடு தீர்த்துவிடக் கூடும். மூட்டைக் கணக்கில் நெல் வைத்திருப்பவருக்கு எலி ஒரு நஷ்டம். படிக் கணக்கில் விதை வைத்திருப்பவருக்கோ அது ஒரு ரகத்தின் முடிவு.

எலியின் இனம் அறிதல்

எந்த எலி வருகிறது என்று அறியாமல் வழியடைத்தல் பயன்படாது. இப்பிரதேசத்துக் களஞ்சியங்களுக்கு வருபவை முக்கியமாக நான்கு.

முதலாவது வீட்டெலி. இது நீண்ட வாலுடையது. ஏறுவதில் மிகவும் சமர்த்து. கூரைக் கை மரங்களின் வழியாகவும் ஓட்டின் சந்துகளின் வழியாகவும் மேலிருந்து இறங்கும். இரண்டாவது கரம்பை எலி. உடல் பருத்து, வால் குட்டையாயிருக்கும் இது, வயல் வரப்பிலும் வீட்டுத் தரையின் கீழும் வளை தோண்டி, தானியத்தை வளைக்குள் கொண்டுபோய்ச் சேமித்து வைக்கும் குணமுடையது. மூன்றாவது பெருச்சாளி. இது உருவிற் பெரியது. சுவரின் அடியைத் தோண்டி அஸ்திவாரத்தையே பலவீனப்படுத்தும். நான்காவது சுண்டெலி. இது வளை தோண்டுவதிலும் அதிகமாகப் பலகைச் சந்திலும், சாக்கு மடிப்பிலும், பெட்டியின் மூலையிலும் கூடு கட்டி வசிக்கும்.

தரையோரத்தில் மண் குவிந்த வளைவாய் காணப்பட்டால் கரம்பை எலி அல்லது பெருச்சாளி வந்திருப்பதாகக் கொள்ளலாம். உத்தரத்திலும் சுவரின் மேற்புறத்திலும் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுத்த கோடு தெரிந்தால் அது வீட்டெலி நாள்தோறும் போய்வரும் பாதையாகும். அரிசிமணி அளவான சிறு புழுக்கைகள் கிடந்தால் சுண்டெலி என்று நிச்சயிக்கலாம்.

இவை பெருகும் வேகமும் அதிகம். சினை காலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டிகள் உண்டாகும். அக்குட்டிகளும் சில மாதங்களிலேயே ஈனத் தொடங்குகின்றன. தை மாதத்தில் இரண்டாக நுழைந்தவை வைகாசிக்குள் ஒரு கூட்டமாகிவிடும்.

எலி வரும் வழி

எலிக்கு வழி வேண்டும் அளவு மிகச் சொற்பம். கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சந்து சுண்டெலிக்குப் போதும். அரை அங்குலத் துவாரம் எலிக்குட்டிக்குப் போதும். தலை நுழைந்தால் உடலை நெளித்து உள்ளே இழுத்துக்கொள்வது இவற்றின் இயல்பு. பெருச்சாளி புகாதபடி கதவையும் சுவரையும் பலப்படுத்திவிட்டு, பலகைகளுக்கிடையே விரல் நுனி நுழையும் சந்தை விட்டுவைப்பவர் பலர். அங்ஙனம் விடப்பட்ட பத்தாயத்துக்குப் பெருச்சாளி வராது, சுண்டெலி வரும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்ப்பதற்காக அது எதையேனும் கடித்துக்கொண்டே இருத்தல் அவசியமாகிறது. மரம், மண், சாக்கு, பிளாஸ்டிக், ஈயம் ஆகியவை அதன் பல்லுக்கு நில்லா. இறுகிய சிமெண்டுச் சாந்து, சுட்ட செங்கல், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு ஆகியவை நிற்கும். மற்றொன்றும் அறியத்தக்கது. வழவழப்பான பலகையின் நடுவில் எலி கடிக்கத் தொடங்க இயலாது. பலகையின் விளிம்பு, சந்து, முடிச்சுவிட்ட துளை ஆகிய இவற்றில் பல்லை மாட்டியே கடிக்கத் தொடங்கும். ஆகையால் பலகை முழுவதற்கும் தகடு அடிக்க வேண்டுவதில்லை. விளிம்புகளைக் காத்தாற் போதும்.

வீட்டெலி நின்ற இடத்திலிருந்து இரண்டரை அடி உயரம் தாவக் கூடியது. சொரசொரப்பான சுவரிலும், தொங்கும் கயிற்றிலும், சாய்த்து வைத்த ஏணியிலும், நாற்றுக்கூடையிலும் தடையின்றி ஏறும். பத்தாயத்தின் அடியிலும் பக்கத்திலும் பழஞ்சாமான்களை அடைத்து வைப்பது எலிக்குப் படி கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பழைய களஞ்சியங்களின் குணமும் குறையும்

நெல்லைக் காக்க முன்னோர் ஏற்படுத்திய சாதனங்கள் பல. அவற்றுட் பெரியதற்கு உதாரணம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் இன்றும் இருக்கிறது. தஞ்சை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட அந்தச் செங்கற் களஞ்சியம் வட்ட வடிவமானது; சுமார் 35 அடி உயரமுள்ளது; 3,000 கலம் நெல் கொள்ளும் எனச் சொல்லப்படுகிறது. சுட்ட செங்கற் சுவர் எலியின் பல்லுக்கு இடங்கொடாது. வட்டச் சுவரில் மூலையில்லை. மூலையின் இருபுறத்தையும் பற்றி ஏறுவது எலியின் வழக்கமாகையால் அதற்கு இங்கே பிடிப்பும் இல்லை. இவ்விரண்டு குணங்களும் எவ்வளவு சிறிய களஞ்சியத்துக்கும் பொருந்தும்.

வீடுகளில் உள்ளவற்றுள் மரப்பத்தாயம் மிகவும் மேலானது. பலகைகளைக் காடியில் இறக்கி அடுக்கடுக்காகச் சேர்ப்பதால் வேண்டும்போது பிரிக்கலாம். அதன் குறையும் அக்காடியிலேயே இருக்கிறது. வருஷங்கள் செல்லச் செல்ல மரம் சுருங்கிச் சந்து விடும். நெல் எடுக்கும் அடிக்கதவின் விளிம்பும், தரைக்கு அண்மையிலுள்ள அடிப்பலகையும் எலி முதலில் கடிக்கும் இடங்களாம்.

மண்குதிர் செலவிற் குறைந்தது. நெல்லைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் சுடாத மண்ணாகையால் சுவரை ஒட்டிய பின்புறத்தில், ஒருவரும் பாராத இடத்தில், எலி துளைத்துவிடும். ‘எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற கதையாக, குதிரின் முன்புறம் சாணமிட்டு மெழுகி அழகாயிருக்க, உள்ளே எலி குடியிருப்பது நெல் அள்ளும்போதுதான் தெரியவரும். புதுடில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த ‘பூசா குதிர்’ இக்குறைக்குப் பரிகாரமாக அமைந்தது. அதில் இரு மண்சுவர்களுக்கு இடையே பாலிதீன் விரிப்பு ஈரத்தைத் தடுக்கிறது. வெளிச்சுவரின் அடிப்பாகம் ஒன்றரை அடி உயரத்துக்குச் சுட்ட செங்கல்லாற் கட்டப்படுவதால் எலி தடைப்படுகிறது.

வைக்கோற்பிரி சுற்றிக் கட்டும் சேரும், மூங்கிலால் முடைந்து மெழுகிய தொம்பையும் எலிக்குத் தடையாகா. களத்து நெல்லைச் சில வாரங்களுக்கு வைக்கவே இவற்றை உபயோகிக்கலாம்; ஆடி, ஆவணி வரையில் நெல் வைக்க வேண்டுவோர் வேறு சாதனத்தை நாடுதல் நலம்.

அடைக்கும் முறை

வேலையைக் கீழ்க்காணும் வரிசையில் நடத்துவது அனுகூலமாயிருக்கும்.

1. முதலில் பத்தாயத்தையும் அறையையும் அடியோடு காலிசெய்து பெருக்க வேண்டும். பழைய நெல், உமி, சாக்கு, கூடு ஆகியவற்றை அறையில் வைத்திராமல் வெளியேற்ற வேண்டும். எலிச் சிறுநீரும் புழுக்கையும் உலர்ந்து தூசியாகப் பறக்குமாகையால், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து நனைத்த பின்னரே, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பெருக்குதல் வேண்டும்.

2. இருட்டிய பின் பத்தாயத்தினுள் பிரகாசமான ஒரு மின்விளக்கை வைத்து மூடி, வெளியே விளக்கில்லாமல் நான்கு புறமும் சுற்றிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் கசியும் ஒவ்வோரிடத்திலும் சுண்ணாம்பினால் குறியிட வேண்டும். அறையின் கதவு, ஜன்னல், கூரைச் சந்து ஆகியவற்றையும் இவ்விதமே சோதிக்கலாம்.

3. அறைத் தரையில் இரவில் சாம்பலையோ மாவையோ மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் பதிந்து எலியின் பாதையைக் காட்டும். வெளியிலுள்ள வளைகளை மாலையில் மண்ணால் மூடிவைத்து, காலையில் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்தால் எலி குடியிருக்கும் வளை எது, விட்டுப்போன வளை எது என்பது தெரியும்.

4. சுவரிலும் தரையிலும் உள்ள துவாரங்களைச் சிமெண்டு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்த சாந்தினால் அடைக்க வேண்டும். பெரிய வளைகளில் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் கருங்கற் சில்லுகளையும் முதலில் இறுக்கி, அதன்மேல் சாந்து பூசுதல் நலம். களிமண், சாணம், கந்தல் துணி ஆகியவற்றால் அடைப்பது ஓர் இரவுக்கும் நில்லாது.

5. பலகைச் சந்துகளில் மரச்சக்கை அடித்து மட்டம் செய்து, அடிப்பலகையின் விளிம்பிலும் அடிக்கதவைச் சுற்றிலும் இரண்டங்குல அகலத்துக்குத் துத்தநாகம் பூசிய தகட்டை மடித்து ஆணியடிக்க வேண்டும். ஆணிகள் நெருக்கமாயிருத்தல் அவசியம். தகடு தளர்ந்து தூக்கினால் அதுவே விளிம்பாகிவிடும்.

6. காற்றுக்காக வைத்த துவாரங்களை அடைத்துவிடலாகாது. நெல் வெதும்பிக் கெட்டுவிடும். அவற்றுக்குக் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். மின்கம்பி, குழாய் நுழையும் ஓட்டைகளில் இரும்பு நாரை இறுகத் திணித்து அதன்மேல் சாந்து பூச வேண்டும்.

7. அறைக் கதவின் கீழ்ச்சந்து கால் அங்குலத்துக்குட்பட்டதாக இருத்தல் வேண்டும். கதவின் அடி விளிம்பில், உட்புறமும் வெளிப்புறமும், ஆறங்குல உயரத்துக்குத் தகடு அடிப்பது அவசியம்.

புதிதாகக் களஞ்சியம் கட்டுவோர் தரையை நிலமட்டத்திலிருந்து மூன்றடி உயர்த்தித் தூண்களின்மேல் அமைப்பாராயின், ஒவ்வொரு தூணிலும் கவிழ்த்த புனல் போன்ற தகட்டைச் சுற்றிலும் பத்தங்குலம் வெளியே நீளும்படி பொருத்த வேண்டும். எலி தூணில் ஏறினும் தகட்டின் அடியில் தலை தட்டித் திரும்பிவிடும். படிக்கட்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டாமல், வேலை முடிந்ததும் எடுத்துவிடக் கூடிய ஏணியாக வைத்தல் வேண்டும். இல்லாவிடில் தூணில் தடுத்த எலி படியில் வரும். தரைமட்டக் களஞ்சியமானால் சுவரின் அடியில் இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் இட்டு, அதன் அடியை வெளிப்புறமாக ஓரடி திருப்பிவிட வேண்டும். சுவரை ஒட்டிக் கீழே தோண்டிவரும் பெருச்சாளி இந்தத் திருப்பத்தில் முட்டிக்கொள்ளும்.

பழைய பத்தாயத்தை மூன்றடி உயர்த்துதல் பெரும்பாலும் இயலாது. அதை ஓரடியேனும் உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டடி விலக்கி வைத்தால், துடைப்பமும் பூனையும் சுற்றிவர இடமிருக்கும். மூட்டைகளாக அடுக்குவோரும், ஊர்க் கிடங்குகளைக் கவனிப்போரும் சுவருக்கும் அடுக்குக்கும் இடையே இவ்விடைவெளியை விடுதல் அவசியம்.

சிறு விதைக்குத் தனிப் பாத்திரம்

ஓரிரு மரக்கால் அளவுள்ள விதைக்குப் பத்தாயம் வேண்டுவதில்லை. இறுக்கமான மூடியுள்ள தகரப் பெட்டியோ இரும்புப் பீப்பாயோ போதும். விதையில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாமல் உலர்த்தி ஆறவைத்த பின்னரே மூட வேண்டும். ஈரம் மிகுந்த நெல்லைத் தகரத்தில் மூடினால் எலிக்குத் தப்பிய விதை பூஞ்சணத்துக்கு இரையாகும். பிளாஸ்டிக் டப்பாவை எலி கடிக்கும். சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. விதையுடன் நொச்சி, வேப்பிலை இடுவது அந்துப்பூச்சி, வண்டு முதலியவற்றை உத்தேசித்த வழக்கம். அதை எலிக்குக் காவலாக நம்பலாகாது. அந்துருண்டை முதலிய நாற்றப் பொருள்களும் அத்தன்மையனவே. ஒரே ரகத்தின் விதையை இரண்டு பாத்திரங்களில், கூடுமானால் இரண்டு வீடுகளில், பிரித்து வைத்தல் விவேகம்.

நிறுத்தி வைத்த இயந்திரங்கள்

தற்காலத்தில் எலியின் நஷ்டம் நெல்லோடு நின்றுவிடவில்லை. அறுவடை இயந்திரம், டிராக்டர், அதன் பின்வண்டி ஆகியவை அறுப்பு முடிந்ததும் பல மாதம் கொட்டகையில் நிற்கின்றன. நிற்கும் வண்டி சுண்டெலிக்கு நல்ல வீடு. அறுவடை இயந்திரத்தின் சல்லடையிலும் தானியத் தொட்டியிலும் தங்கிய நெல் அதற்கு உணவாகிறது. இருக்கையின் பஞ்சு கூட்டுக்கு உதவுகிறது. மின்கம்பிகளின் மேலுறை பல் தேய்க்க உதவுகிறது. குறுவை அறுவடைக்கு இயந்திரத்தைக் கிளப்பும்போது கம்பி அறுந்திருப்பதும், காற்றுச் சல்லடையில் கூடு கட்டியிருப்பதும் காணப்படும். உறை கடிபட்ட கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

ஆகையால் நிறுத்துமுன் இயந்திரத்தின் எல்லா மூடிகளையும் திறந்து, ஒரு மணியும் தங்காமல் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். புகைக்குழாயின் வாயையும் காற்று உட்செல்லும் வாயையும் கம்பிவலையினால் மூடி, அங்ஙனம் மூடியிருப்பதை இயந்திரத்தை ஓட்டுபவர் காணும்படி ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தல் வேண்டும். வலையை எடுக்காமல் இயந்திரத்தைக் கிளப்பலாகாது. அடித்தட்டில் கம்பிகளும் நெம்புகோல்களும் நுழையும் ஓட்டைகளை இரும்பு நாரினால் அடைக்கலாம். ஆனால் மின்முனைகளில் இரும்பு நார் படலாகாது. வைக்கோற்போரின் அருகிலோ சுவரை ஒட்டியோ வண்டியை நிறுத்தாமல், சுற்றிலும் மூன்றடி புல்லின்றிச் செதுக்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தல் இயந்திரத்துக்கும் நல்லது. எலியைக் குடியேற விடாமலும் செய்யும்.

பொறியும் மருந்தும்

வழியடைக்கும் வேலை நடக்கும்போது உள்ளே அகப்பட்ட எலிகளைப் பிடிக்கப் பொறி வைத்தல் வேண்டும். உள்ளே எலி இருக்கத் துவாரத்தை அடைப்பது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதாகும். பொறியைச் சுவரோரத்தில், எலியின் பாதைக்குக் குறுக்காக வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசையேற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினால் எலி சந்தேகமின்றி வரும். கருவாடும், வறுத்த தேங்காயும், நெற்பொரியும் நல்ல இரைகள்.

வயலிலுள்ள எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி பெயர் பெற்றது. வளைத்த மூங்கிலின் விசையாற் கழுத்தை நெரிக்கும் இக்கருவியை அந்தியில் வைத்து விடியலில் எடுப்பர். அதில் பழகிய ஆட்களைக் கொண்டு, கதிர் வாங்குமுன் பல மிராசுகள் சேர்ந்து வைத்தால் பலன் அதிகம். கூகைக்கு வயலில் இருக்கை நட்டு வைப்பதும், சாரைப்பாம்பைக் கொல்லாமல் விடுவதும் செலவில்லாத உபாயங்கள்.

மருந்தைப் பற்றி மிகுந்த ஜாக்கிரதை தேவை. துத்தநாக பாஸ்பைடு எலியின் வயிற்றில் விஷ வாயுவை உண்டாக்கிக் கொல்லுகிறது. அதற்கு நேரான மாற்று மருந்து கிடையாது. ஆகையால் வீட்டிலும் களஞ்சியத்திலும் அதை வைக்கவே கூடாது. புரோமோடயலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறையாமற் செய்து சில நாட்களிற் கொல்லுகின்றன. அவற்றையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத பெட்டியினுள்ளேயே வைக்க வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டில் உபயோகித்தல் உயிருக்கே அபாயம். மஞ்சட் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையின் விற்பனை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. மருந்துண்ட எலி பலகைச் சந்தில் செத்து நாறுவதும், அதைத் தின்ற கூகையும் பூனையும் சாவதும் வேறு நஷ்டங்கள். எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதையாக, எலியை ஒழிக்க வைத்த விஷம் வீட்டாருக்கே கேடாகலாகாது.

கிராமத்தார் செய்ய வேண்டுவது

எலிக்கு வீட்டெல்லையும் பட்டா எல்லையும் கிடையா. ஒருவர் மட்டும் தம் பத்தாயத்தை அடைத்தால் அவருடைய நெல் தப்பும்; தெருவின் எலி குறையாது. ஒரு தெருவார் சேர்ந்து ஒரே வாரத்தில் வளையடைத்துக் குப்பை நீக்கிப் பொறி வைத்தால் எலி ஒதுங்க இடமின்றிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து வரப்பு மூழ்கும்போது வளைகளை விட்டு வெளியேறும் எலிகள் மேட்டுத் தெருக்களை நாடி வரும். அச்சமயத்தில் கதவடிச் சந்துகளைச் சோதித்தல் மிகவும் அவசியம்.

எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் புண்பட்ட காலுடன் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. இந்நோயின் கடுமையான வகையை 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து வைத்தியர் வீல் என்பவர் விவரித்தார். சரியான காலத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும். ஆகையால் நடவாட்களுக்கும் களத்தாட்களுக்கும் காய்ச்சலுடன் தசைவலியும் கண் சிவப்பும் காணப்பட்டால் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் மிராசுதாரின் கடமையாகும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் மார்கழி மாதத்தில் ஒரு வாரத்தை இவ்வேலைக்கென்று குறித்து, தெருத்தோறும் அறிவிக்கலாம். கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளையும் பள்ளிச் சத்துணவு அறைகளையும் அவ்வாரத்திலேயே பார்வையிட்டுச் சந்துகளை அடைக்கச் செய்யலாம். கம்பிவலை, தகடு, சிமெண்டு ஆகியவற்றை ஒரு தெருவார் சேர்ந்து வாங்கினால் செலவும் குறையும். ஊர்த் தச்சரும் கொத்தரும் ஒரே வாரத்தில் வேலையை முடிப்பர்.

இவ்வேலைகளுள் எதுவும் கடினமானதன்று. ஒரு விளக்கு, ஒரு துண்டுத் தகடு, ஒரு சட்டிச் சாந்து, ஓரிரவுப் பொறுமை ஆகியவை இருந்தால் பெரும்பாலான பத்தாயங்களைக் காத்துவிடலாம். இவ்வருஷத்து நெல் களத்திலிருந்து புறப்படுமுன் ஒவ்வொரு மிராசுதாரும் ஓரிரவு தம் காலிப் பத்தாயத்தில் விளக்கை வைத்துச் சுற்றிப் பார்ப்பாராக. வெளிச்சம் வெளியே வரும் வழியே எலி உள்ளே வரும் வழி. அவ்வழியை அடைத்துவிட்டால், தை மாதத்தில் கொட்டும் விதை ஆவணியில் குறையாமல் நாற்றங்காலுக்குப் போய்ச் சேரும்.